அம்மாவின் ஏழு முழுக்கு

எரிகோவில் எலிசாவின் நீரூற்று என்று ஓர் இடம் உண்டு. பழைய எரிகோ நகரம் ஒரு மண்மேடாகக் கிடக்கிறதே, அதன் அடியில், சாலைக்கு இந்தப் பக்கம். தண்ணீர் கெட்டது, நிலம் விளையவில்லை என்று ஊரார் வந்து முறையிட்டபோது, எலிசா தீர்க்கதரிசி ஒரு புதுத் தோண்டியில் உப்பு வாங்கி ஊற்றுக்கண்ணில் போட்டார், தண்ணீர் நல்லதானது என்கிறது வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரம். ஊற்று இன்னும் வற்றவில்லை. எரிகோவின் தோட்டங்களுக்கு இன்றும் அது பாய்கிறது. அம்மா இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டு, "கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்றாள்.

அங்கிருந்து பஸ் ஏறி அரைமணிக்குள் யோர்தான் ஆற்றைப் பார்த்தேன். பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை ஸ்தோத்திரம் அல்ல. "இதுவா?" என்பதுதான்.

முந்தின நாள் காலை எருசலேமிலிருந்து இறங்கியபோதே காது அடைத்துவிட்டது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே இருக்கிற நகரத்திலிருந்து, கடல் மட்டத்துக்குக் கீழே போகிற பாதை அது. வழியில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை வரும். அதைத் தாண்டியும் பஸ் இறங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் போன இடம் யோர்தானின் கீழ்ப்பகுதி. கஸ்ர் அல் யஹூத் என்று பெயர். இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடம், யோசுவா ஜனங்களோடு ஆற்றைக் கடந்த இடம், எலியா அக்கினி ரதத்தில் ஏறிப்போனது இதற்கு அக்கரையில் என்று மரபு மேல் மரபாகக் குவிந்து கிடக்கிற கரை. ஆற்றை நெருங்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி. வேலியில் மஞ்சள் பலகை, அதில் சிவப்பு முக்கோணம்: கண்ணிவெடி. 1967 யுத்தத்துக்குப் பிறகு புதைத்தவை. அந்த வெளியில் நின்ற பழைய மடங்கள் ஐம்பது வருஷம் ஆளில்லாமல் கிடந்தன. 2018-இல்தான் வெடிகளை எடுக்கும் வேலை தொடங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எதையாவது எண்ணாமல் அவளால் இருக்க முடியாது.

ஆறு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அகலம் சில மீட்டர். நிறம், பால் குறைத்துப் போட்ட டீ. நாணல் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு கயிறு. அதுதான் இரண்டு தேசங்களின் எல்லை. எதிர்க்கரை யோர்தான் நாடு. அங்கேயும் மரப்படிகளில் வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் பாட்டு எங்கள் பாட்டில் வந்து மோதியது. நிழலில் நாற்காலி போட்டு ஒரு ராணுவ வீரர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கமும் ஒருவர்.

தப்பு ஆற்றின்மேல் இல்லை. 1964 முதல் கலிலேயாக் கடலிலிருந்து இஸ்ரவேல் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகிறது. யோர்தானுக்குப் பெரிய துணையாறான யார்முக்கை மறுபக்கத்து நாடுகள் திருப்பிவிட்டன. மிச்சம் மீதி வந்து சேர்வதுதான் இது. அதனால்தான் சவக்கடலும் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டே போகிறது.

இதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. காரணம், இரண்டு நாள் முன்னால் கலிலேயாக் கடலின் தென்முனையில் யார்தெனித் என்ற இடத்தை எங்கள் பஸ் கடந்து போயிருந்தது. ஆறு ஏரியைவிட்டு வெளியே வருகிற இடம். மரநிழல், பச்சைத் தண்ணீர், கைப்பிடி வைத்த படிகள், துணி மாற்ற அறைகள். யாத்திரிகர்களுக்காகவே 1981-இல் அமைத்தது. "அங்கேயே இறங்கியிருக்கலாம், ஐயா" என்று எங்களை அழைத்துவந்த போதகரிடம் சொன்னேன். "அதுவும் இதே யோர்தான்தானே? இந்தச் சேற்றில் அம்மாவை எப்படி இறக்குவது?"

அவர் சிரித்தார். "ஆப்னாவும் பர்பாரும்" என்றார்.

சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது முகம் சுட்டது.

கரையில் படிக்கட்டிலேயே எல்லாரையும் உட்காரவைத்து 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். நாகமானின் கதை. ஞாயிறு பள்ளியில் படம் ஒட்டின காலத்திலிருந்து தெரிந்த கதைதான். சீரியா ராஜாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. அவன் வீட்டில் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண். சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் எஜமான் போனால் நலமாயிருக்கும் என்று அவள் எஜமானியிடம் சொல்கிறாள். நாகமான் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். வெள்ளி மட்டும் இன்றைய கணக்கில் தோராயமாக 340 கிலோ. குதிரையும் ரதமுமாக எலிசாவின் வாசலில் போய் நிற்கிறான். எலிசா வெளியே வரவில்லை. ஆளனுப்பிச் சொல்கிறார்: போய் யோர்தானில் ஏழுதரம் முழுகு.

அவனுக்குக் கோபம். 'அவர் வெளியே வந்து நிற்பார், தம் தேவனின் நாமத்தைச் சொல்லிக் கையால் தடவிக் குணமாக்குவார் என்று அல்லவா நினைத்தேன். தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல ஆறுகள் இல்லையா?' என்று திரும்பிப் போகிறான்.

இத்தனை வருஷமாக இந்த இடத்தில் நாகமானை ஒரு திமிர் பிடித்தவனாகவே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கரையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தோன்றியது: அவன் சொன்னது உண்மை! ஆப்னா என்பது இன்று பரதா என்று சொல்லப்படுகிற ஆறு என்பார்கள். மலையிலிருந்து இறங்கி தமஸ்குவையே சோலையாக்கிய ஆறு. யோர்தான் அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிதாகவே ஓடியிருக்கும். ஆனாலும் மண்கரையைக் கரைத்துக்கொண்டு வளைந்து வளைந்து வருகிற ஆறுதான். தண்ணீரைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் நாகமான் கட்சி ஜெயிக்கும். கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீராக்கிய அதே எலிசாதான் இவனைக் கலங்கலான தண்ணீருக்கு அனுப்புகிறார் என்பதையும், காலையில் அந்த ஊற்றைப் பார்த்துவிட்டு வந்திராவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன்.

அவனைத் திருப்புகிறவர்கள் யார்? வேலைக்காரர்கள். 'தகப்பனே' என்று கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த அதிகாரத்தை எத்தனை முறையும் வாசிக்கலாம். தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, முழுகு என்று தானே சொன்னார் என்கிறார்கள். முதலில் ஒரு சின்னப் பெண், இப்போது வேலைக்காரர்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை.

அப்புறம் அவன் இறங்குகிறான். நம்பி இறங்கினான் என்று வசனத்தில் ஓர் எழுத்தும் இல்லை. ஆற்றைப் பற்றிய அவன் கருத்து மாறியதாகவும் இல்லை. சொன்னபடி செய்தான், அவ்வளவுதான். 'இஸ்ரவேலில் இருக்கிற தேவனைத் தவிர பூமியெங்கும் வேறே தேவன் இல்லை என்பதை அறிந்தேன்' என்று அவன் சொல்வது கரையேறி, எலிசாவிடம் திரும்பி வந்த பிறகு. விசுவாசம் முதலில், கீழ்ப்படிதல் பிறகு என்றுதான் நான் பாடம் பண்ணி வைத்திருந்தேன். நம்பிக்கை நிறைந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்ட காரியங்கள் எனக்கு நிறைய உண்டு. நாகமான் அரைமனதோடு தண்ணீருக்குள் கால் வைத்தவன். விசுவாசம் அவனுக்கு ஈரத்துணியோடு வந்தது.

போதகர் ஐயா இன்னொன்று சொன்னார். எபிரெயத்தில் அந்தச் சிறுமியை 'நஅரா கெதன்னா' என்கிறது, சின்னப் பெண். முழுகி எழுந்தவனின் தோல் 'நஅர் காதோன்', சின்னப் பையனுடையதைப் போல ஆனது என்கிறது. அதே இரண்டு சொல், ஒன்று பெண்பால், மற்றது ஆண்பால். பெரிய மனுஷன் கடைசியில் தன் வீட்டு வேலைக்காரச் சிறுமியின் அளவுக்கு வந்து நிற்கிறான். நாகமான் எந்த இடத்தில் இறங்கினான் என்று வேதம் சொல்லவில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கை: "நம்ம சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்தாச்சு. இது மறுஞானஸ்நானம் இல்லை. உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறது." குழுவில் இதைப் பற்றி முந்தின இரவு ஒரு சின்ன வாக்குவாதமே நடந்திருந்தது.

அம்மாவுக்கு அந்த வாக்குவாதம் எதிலும் அக்கறையில்லை. வெள்ளை அங்கியைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, "நாகமான் முங்குனான்லா, நானும் முங்குறேன்" என்றாள். எழுபத்துமூன்று வயது. இரண்டு முழங்காலும் வலி. மரப்படி பாசியில் வழுக்கியது. நான் முன்னால் இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படி முடிந்ததும் காலடியில் களிமண். பாதம் கணுக்கால் வரை புதைந்து, விரல்களுக்கு நடுவில் சேறு பிதுங்கிக்கொண்டு மேலே வந்தது. தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர்ச்சி.

ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே முங்கினாள். ஆறாவதில் இருமல் வந்துவிட்டது. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது போல. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "அஞ்சா, ஆறா?"

"ஆறும்மா. போதும், வாங்க."

"ஆறுன்னா எப்படிய்யா போதும்?"

ஆறாவது முழுக்கிலும் நாகமானுக்கு ஒன்றும் மாறவில்லை, ஏழாவதில்தான் மாறியது என்று பிரசங்கங்களில் உருக்கமாகச் சொல்வார்கள். வேதத்தில் அப்படி இல்லை. ஏழுதரம் முழுகினான், சுத்தமானான், அவ்வளவே. ஆனால் அந்தக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணிக்கைக்காக அடம்பிடிக்கிற ஒரு கிழவியைப் பார்த்தபோது, பிரசங்கிகள் ஏன் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று புரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு தரம் முங்கினாள். என் கணக்கில் எட்டு.

அங்கி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. முழங்கால் வலி போகவில்லை. படியேறும்போது முன்பைவிட அதிகமாக என் தோளில் சாய்ந்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "தம்பிக்கு ஒரு போன் போடேன்ய்யா" என்றாள்.

மூன்று வருஷமாக அம்மா என்னிடம் கேட்கிற ஒரே காரியம் அது. அப்பா போன பிறகு வீட்டைப் பங்கு பிரித்ததில் வந்த சண்டை. உண்மையில் நாலடி அகலப் பாதை ஒன்றுக்காக வந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னான், நான் அதைவிடக் கெட்ட ஒரு வார்த்தை சொன்னேன். 'அவன் வந்து நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது என் பதில். பாதை விஷயத்தில் நியாயம் என் பக்கம்தான். பத்திரம் இருக்கிறது. நாகமானுக்கு ஆறுகள் விஷயத்தில் இருந்த நியாயம் போல. எருசலேமுக்கு வருவதற்கு நான் இரண்டு வருஷம் பணம் சேர்த்தேன், உபவாசம் இருந்தேன். அதெல்லாம் பெரிய காரியம், செய்துவிடலாம்.

துணி மாற்றிவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து மிச்ச அதிகாரத்தை நானே வாசித்தேன். பிரசங்கங்களில் இந்தப் பகுதியை அநேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாகமான் ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கோவேறு கழுதைப் பொதி மண் கேட்கிறான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணிந்துகொள்ளப் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாராக. எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். புதிதாக நம்பத் தொடங்கியவனுக்கு அவ்வளவு இடம் கொடுத்த அதே வீட்டில், வருஷக்கணக்காக எலிசாவோடு இருந்த வேலைக்காரன் கேயாசி, ரதத்தின் பின்னால் ஓடிப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடையும் வாங்கிக்கொண்டு வருகிறான். நாகமானைவிட்ட நோய் அவனைப் பிடிக்கிறது. எங்கள் பக்கத்து ஆள் கேயாசிதான். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, சபைக் கமிட்டி என்று சின்ன வயதிலிருந்து தீர்க்கதரிசியின் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் நாங்கள்.

பஸ் மறுபடி முள்வேலிகளுக்கு நடுவில் ஏறத் தொடங்கியது. சேறு காய்ந்து என் கால் விரலிடுக்கில் வெடித்துக்கொண்டிருந்தது. அம்மா அழுக்கு அங்கியைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்தாள். துவைக்கப் போவதில்லையாம். நான் போனை எடுத்தேன். எண்ணை அழிக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலம்மா."

அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி மஞ்சள் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "ஒரு தடவதானே போட்டிருக்க."