சிறியாநங்கையும் ஈஸ்ட் காய்ச்சலும்

ஜூன் 12

ஊரிலிருந்து கொண்டுவந்த சிறியாநங்கை நிழலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. அது காய்ச்சலை இறக்குகிறதா என்று எலிகளில் பார்ப்பதுதான் என் ஆய்வு. இன்று மிக்ஸியில் அரைத்தேன். மூடியைத் திறந்ததும் பறந்த தூசு உதட்டில் பட்டு, மதியச் சாப்பாடு வரை கசப்பு போகவில்லை. புத்தகத்தில் நிலவேம்பு என்று இருக்கும். எங்கள் ஆச்சிக்கு அது சிறியாநங்கைதான்.

எத்தனாலில் சாறு இறக்கலாம் என்றார் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடம். கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் நன்றாக இறங்கும். சரிதான். ஆனால் வீடுகளில் குடிப்பது தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். 2012 டெங்கு சமயத்தில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரும் அப்படித்தான். அதில் வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று இன்னும் எட்டுச் சரக்கு உண்டு. மக்கள் குடிப்பதைச் சோதிக்காமல் விட எனக்கு மனசில்லை. கஷாயத்துக்கும் ஒரு எலி குரூப் கேட்டேன். விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் எழுதச் சொன்னார்.

ஜூலை 8

அனுமதி வந்துவிட்டது. எலிகளைத் தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறேன். பயந்தாலே அதற்கு உடம்பு சூடேறும். அது காய்ச்சல் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது.

ஜூலை 17

மாலை 4 மணி. எலிகளுக்குக் காய்ச்சல் வரவைக்க ஈஸ்ட் ஊசி போட்டோம்: 20 சதவீத ஈஸ்ட் கரைசல், கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில், பிடரித் தோலுக்கு அடியில். இனி காய்ச்சல் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஜூலை 18

மூன்றாம் கூண்டு எலி நேற்று 37.1 டிகிரி செல்சியஸ், இன்று காலை 38.6. மயிர் சிலிர்த்து மூலையில் சுருண்டு கிடந்தது. வாஸ்லைன் தடவிய தெர்மாமீட்டரை வைக்கும்போது திமிறக்கூட இல்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மருந்து கொடுத்து மணிக்கொரு முறை அளந்தோம். பாரசிட்டமால் கொடுத்தவற்றுக்குச் சீக்கிரமே இறங்கியது. எத்தனால் சாறு, கிலோவுக்கு 400 மி.கி., மெதுவாக மூன்றாம் மணியில் வேலையைக் காட்டியது. கஷாயத்தில் சராசரியாக 0.3 டிகிரி இறங்கியதும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் மருந்தே கொடுக்காத குரூப்பைப் பார்த்தேன். அங்கேயும் 0.2 இறங்கியிருந்தது, தானாகவே. இந்த வித்தியாசத்தை வைத்து எதுவும் எழுத முடியாது.

ஜூலை 19

ஆச்சியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எவ்வளவு சுண்ட வச்சே?" என்றாள். கால் பங்காக என்றேன். "எட்டுல ஒண்ணா சுண்டணும்ளா. அது வெறும் வெந்நீரு."

அடுத்த பேட்சுக்கு அப்படியே காய்ச்சப் போகிறேன்.