சிஸ்டம் சப்ளையர் பிடிப்பதற்குள் பட்ட பாடு: சேலம், ஏற்காடு நிறுவனங்களுக்காக

கொட்டேஷனில் ‘3 ஆண்டு வாரண்டி’ என்று போட்டிருந்தால் அதோடு திருப்திப்பட்டு விடாதீர்கள். யார் தருகிற வாரண்டி, எந்த ஊர் வரைக்கும் வாரண்டி என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அலுவலகத்துக்கு மொத்தமாகச் சிஸ்டம் (கம்ப்யூட்டர்) வாங்கும் இதே வேலை தலையில் விழுந்திருக்கும் சேலத்துக்காரர்கள், முக்கியமாக ஏற்காட்டில் கிளை வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைப்படி ஏறுங்கள்.

எங்களுடையது காப்பி, மிளகு வியாபாரம். செவ்வாய்ப்பேட்டையில் அலுவலகம், கொண்டலாம்பட்டி பக்கம் கிடங்கும் எடை மேடையும், ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ். மூன்று இடத்திலும் சேர்த்து 20 சிஸ்டம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு கடையில் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. எங்களிடம் இருந்ததில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11 ஏறாத பழைய பிராசசர். இனி எல்லா இடத்திலும் ஒரே மாடல், ஒரே சப்ளையர் என்று முதலாளி முடிவு செய்தார். தேவைப் பட்டியல், பட்ஜெட், ஒப்புதல் எல்லாம் சுலபமாக முடிந்தது.

கொட்டேஷன்கள் வர ஆரம்பித்ததும்தான் குழப்பம். ஒருவர் ‘ஐ5 சிஸ்டம்’ 16,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் அதே ஐ5-க்கு 50,000-க்கு மேல் கேட்கிறார். ஐ5 என்ற பெயரில் இன்டெல் 2009-லிருந்தே பிராசசர் விற்கிறது. அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விசாரித்ததில், மலிவு சிஸ்டத்தில் இருந்தது மூன்றாம் தலைமுறைப் பிராசசர். எங்கேயோ கழற்றிய பழைய பிராசசரைப் புது மதர்போர்டில் மாட்டி, புது கேபினெட்டில் வைத்து ‘புது சிஸ்டம்’ என்று விற்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் பிராசசரின் முழு எண்ணும் கொட்டேஷனில் இருந்தாக வேண்டும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. முழு எண்ணை எழுதித் தராத கடையோடு அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

விண்டோஸ் விஷயமும் அப்படித்தான். “ஓஎஸ் நாங்களே போட்டுத் தந்துடுறோம் சார், அதுக்குத் தனியா காசு வேண்டாம்” என்றார் ஒருவர். லைசென்ஸ் பில்லில் வருமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நாளைக்கு யாராவது லைசென்ஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது வாங்கிய நாம்தான். ‘விண்டோஸ் 11 ப்ரோ, ஒரிஜினல் லைசென்ஸ்’ என்று கொட்டேஷனில் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். வீட்டு உபயோகத்துக்கான ஹோம் எடிஷனை டொமைனில், அதாவது அலுவலக சிஸ்டங்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்கில், சேர்க்க முடியாது.

பாகங்களை வாங்கிக் கடையிலேயே சேர்த்துத் தரும் அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கலாமா என்றும் யோசித்தோம். அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதர்போர்டுக்கு ஒரு வாரண்டி, தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டி-க்கு ஒரு வாரண்டி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-க்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். மூன்று ஊரில் சிஸ்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சர்வீஸ் சென்டர் தேடி அலைய எங்களிடம் ஆள் இல்லை. எனவே பிராண்டட், அதிலும் நிறுவனங்களுக்கென்று வரும் பிசினஸ் வரிசை என்று முடிவானது.

அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. முதலில் வந்த டீலர் கம்பெனி பெயர், ஜிஎஸ்டி எண், எத்தனை சிஸ்டம், எப்போது வேண்டும் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். கொட்டேஷன் வரவே இல்லை. போன் செய்தால் “நாளைக்கு அனுப்பிடுறேங்க” என்பார். சரி என்று அதே பிராண்டுக்கு மற்ற டீலர்களைக் கேட்டோம். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் விலையைக் கூட்டியே சொன்னார்கள். அஞ்சு ரோடு பக்கம் சின்னதாகக் கடை வைத்திருப்பவர்தான் உடைத்துச் சொன்னார்: “அண்ணா, உங்க கம்பெனி பேர்ல ஏற்கெனவே ஒருத்தர் டீல் ரிஜிஸ்டர் பண்ணிட்டாருங்க. அவருக்குக் குடுக்கற ஸ்பெஷல் ரேட்டு எங்களுக்குக் கிடைக்காதுங்க.”

இது பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மொத்தமாக வாங்கும் நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர்கள் தனி விலை தருவார்கள். எந்த டீலர் உங்கள் பெயரை முதலில் பதிவு செய்கிறாரோ, அந்த விலை பெரும்பாலும் அவருக்குத்தான். மற்றவர்கள் சாதாரண டீலர் விலையிலிருந்துதான் கணக்குப் போட முடியும். நீங்கள் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுவதாக நினைப்பீர்கள். உள்ளே போட்டியே இருக்காது. எங்கள் விஷயத்தில் பதிவு செய்தவர் கொட்டேஷனும் தரவில்லை, மற்றவர்களையும் தரவிடவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

வழி இருக்கிறது. அந்தப் பிராண்டின் விற்பனை அதிகாரியின் மெயில் முகவரியைத் தேடிப் பிடித்து, ‘இந்த டீலரிடமிருந்து இதுவரை கொட்டேஷன் வரவில்லை, எங்கள் சார்பில் பதிவு செய்ய அவருக்கு நாங்கள் ஒப்புதல் தரவில்லை, மற்ற டீலர்களும் விலை தர அனுமதியுங்கள்’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பினோம். பதில் வரத் தாமதமானது. மறுபடி மறுபடி நினைவூட்டிய பிறகு பதிவை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாளே அஞ்சு ரோடு கடைக்காரரின் விலை நன்றாக இறங்கியது! யாரோடு பேசப் போகிறீர்கள் என்று நீங்கள் முடிவு செய்யும் வரை ஜிஎஸ்டி எண்ணையும் சிஸ்டம் எண்ணிக்கையையும் யாரிடமும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு பிராண்டையாவது களத்தில் வைத்திருங்கள்.

அடுத்தது அந்த வாரண்டி. விலை குறைவில் முதலில் நின்ற கொட்டேஷனில் ‘3 ஆண்டு ஆன்சைட்’, அதாவது நம் இடத்துக்கே வந்து பழுது பார்ப்பது, என்று இருந்தது. பிரித்துக் கேட்டால் தயாரிப்பாளர் தருவது ஓராண்டுதான். மீதி இரண்டாண்டு டீலரே பார்த்துக்கொள்வாராம், அதுவும் நாம் சிஸ்டத்தைக் கடைக்குத் தூக்கிப் போனால். “ஏற்காட்டுல ரிப்பேர் ஆனா?” என்றேன். “ஏற்காடு என்னங்க சார் தூரம், ஆளு வந்துருவாங்க” என்றார். எழுதித் தாருங்கள் என்றதும் மௌனம்.

தயாரிப்பாளரின் கட்டணமில்லா எண்ணுக்கே நேரடியாகப் பேசினேன். மாடலைச் சொல்லி, 636601 என்ற பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கேட்டேன். அந்த பின்கோடுக்கு மறுநாள் சர்வீஸ் கிடையாது, கூடுதல் நாள் ஆகலாம் என்றார்கள். சேலம் டவுனுக்கு மறுநாளே உண்டு. ஒரே மாடல், ஒரே வாரண்டி, 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே போனால் வேறு பதில். இதை எந்த டீலரும் தானாகச் சொல்லவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் ஆபீஸில் சிஸ்டம் நின்றால் என்ன ஆகும் என்று அங்கே கணக்கு எழுதும் எங்கள் ரைட்டர் அண்ணனைக் கேட்டேன். “எடையை நோட்டுல எழுதிக்கலாம் தம்பி. கூலி போடற அன்னிக்கு நின்னுச்சுன்னா, ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்றது?” என்றார். அந்தக் கேள்வியை வைத்துத்தான் சப்ளையரை முடிவு செய்தோம். அஞ்சு ரோடு கடைக்காரர் விலையில் மூன்றாவது இடம். ஆனால் அவர் மட்டும்தான் கம்பெனி ஆள் வரத் தாமதமானால் தன் பையனை மலைக்கு அனுப்புவதாகவும், அதுவரை மாற்று சிஸ்டம் தருவதாகவும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மூன்றாண்டு முழுக்கத் தயாரிப்பாளரின் ஆன்சைட் வாரண்டி, பில்லிலேயே. நாங்களும் அதே மாடலில் ஒன்று கூடுதலாக வாங்கி ஏற்காட்டிலேயே வைத்துவிட்டோம். பிராண்டட் சிஸ்டம் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் தனி வடிவத்தில் இருக்கும், அவசரத்துக்குச் சாதாரணக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஒரே மாடலாக இருந்தால் உதிரி சிஸ்டம் ஒன்றே எல்லாவற்றுக்கும் உதவும்.

ஆர்டர் போடும் முன் எடை மேடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எடை மேடையின் டிஸ்ப்ளே இன்னும் பழைய சீரியல் போர்ட்டில்தான் சிஸ்டத்தோடு பேசுகிறது. புது மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் கிடையாது, கேட்டால் கூடுதலாகப் பொருத்தித் தருவார்கள். ஆர்டரிலேயே சேர்த்தால் மலிவு.

பணம் முழுவதையும் டெலிவரி அன்றே கொடுத்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். டீலர் பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றி, ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வரும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற வரவுப் பட்டியலில் வந்தால்தான் அந்தத் தொகையை வரவாக எடுக்க முடியும். அது தெரியும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக ஆர்டரிலேயே எழுதிவிட்டோம். அவர் மறுக்கவில்லை.

ஏற்காட்டில் பொருத்தும் முன் எலக்ட்ரீசியனை வைத்து எர்த்திங்கைச் சரிசெய்தோம். இடி மின்னலில் போனால் சாதாரண வாரண்டியில் வராது. சித்திரை, வைகாசியில் அங்கே இடி எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. சிஸ்டம் வந்ததும் ஒவ்வொரு சீரியல் நம்பரையும் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எங்களுடையதில் சிலவற்றுக்கு வாங்குவதற்குப் பல மாதம் முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்திருந்தது. மொத்த வியாபாரிக்குச் சரக்கு போன தேதியிலிருந்து கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லை அனுப்பி, பில் தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லி எழுதினோம். திருத்திக் கொடுத்தார்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் அந்த மாதங்கள் போனதுதான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுத் தேதி. சீரியல் நம்பர், தேதி, புகார் எண் எல்லாம் ஒரே தாளில் போட்டு மூன்று அலுவலகத்திலும் ஒட்டியிருக்கிறோம்.