வகுப்பு அவருடையது, அரை மணி நேரம் என்னுடையது

ஸ்க்ரம் என்பது ஓர் அணி தன் வேலையைச் சிறு சிறு காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. அதைச் சான்றிதழோடு கற்பிக்கும் சர்டிஃபைட் ஸ்க்ரம் ட்ரெயினர் ஆக நினைப்பவர்கள் என்னிடம் பேச வந்தால் பாடத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. கூட நின்று வகுப்பெடுக்க மூத்த ட்ரெயினர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு மெலிந்த கையேடு, ஒரு மாலையில் படித்துவிடலாம். சி.எஸ்.எம். (சர்டிஃபைட் ஸ்க்ரம் மாஸ்டர்) என்ற அடிப்படைச் சான்றிதழுக்கான தேர்வில் 50 கேள்விகள், 60 நிமிடம், 37 சரியாக இருந்தால் தேர்ச்சி. இதெல்லாம் நம் கையில் இருக்கிற விஷயம். ட்ரெயினர் ஆவதற்கோ, ஏற்கெனவே ட்ரெயினராக இருப்பவர்கள் நம்மை வகுப்பில் பார்த்து, 'இவரை நம்பி ஒரு வகுப்பை விடலாம்' என்று எழுதித் தர வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு படித்தால் அது கிடைக்காது.

சிக்கல் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் சி.எஸ்.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த வகுப்பை நடத்தும் உரிமை அவர்கள் அங்கீகரித்த ட்ரெயினருக்குத்தான் உண்டு. ஸ்க்ரமை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-இல் தொடங்கிய ஸ்க்ரம்.ஆர்க் என்ற இன்னொரு அமைப்பில் வகுப்புக்குப் போகாமல் நேராகத் தேர்வு எழுதிவிடலாம். அது வேறு பாதை. நான் தேர்ந்தெடுத்த பாதையில், சான்றிதழ் வகுப்பு எடுத்த அனுபவம் வேண்டும், ஆனால் சான்றிதழ் வகுப்பைத் தனியாக எடுக்க முடியாது. இன்னொருவரின் வகுப்புக்குள் நுழைவதுதான் ஒரே வழி. எத்தனை வகுப்பு, எத்தனை பேரின் பரிந்துரை என்ற கணக்கு அவ்வப்போது திருத்தப்படும். விண்ணப்பிக்கிற சமயத்தில் எந்த விதி இருக்கிறதோ அதைப் பாருங்கள், முன்னால் போனவர்கள் சொல்கிற எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

யாருக்கும் எழுதுவதற்கு முன்னால், நன்கு பழக்கமான ஒரு ட்ரெயினரிடம் போய், "உங்களுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் வருமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். பெயர்களை மறைத்துவிட்டுச் சிலவற்றைப் படிக்கக் கொடுத்தார். எல்லாம் ஒரே அச்சு. 'பயிற்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம், இத்தனை ஆண்டு அனுபவம், உங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன், உங்கள் வகுப்பில் இணைந்து பயிற்சி தர வாய்ப்பளிப்பீர்களா?' மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் சொன்னார்: "இவங்க எல்லாரும் எனக்கு ஒரு வேலை கொடுக்கிறாங்க. என் வேலையில ஒண்ணைக்கூட எடுத்துக்கிறேன்னு யாரும் சொல்லலை."

அன்றைக்கு அவர் சொன்ன கணக்கு இதுதான். வகுப்பில் இருப்பவர்கள் பணம் கட்டி வந்தவர்கள். ஃபீட்பேக் படிவத்தில் இருப்பது அவர் பெயர். புதிதாக வருபவர் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால், வந்தவரின் முகமும் வாடாமல், கேட்டவர்களின் குழப்பமும் தீர்கிற மாதிரி அதைச் சரிசெய்ய அவருக்கு அரை மணி நேரம் போய்விடும். வகுப்புக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும், முடிந்த பிறகு ஒருமுறை. தனியாக எடுத்தால் இந்த நேரமெல்லாம் மிச்சம். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் சரி என்று சொல்கிறார் என்றால், அது நம்மிடம் எதையோ முன்பே பார்த்திருக்கிறார் என்பதால்தான்.

அதனால் முதலில் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இருக்க முடிவு செய்தேன். ஸ்க்ரம் ஆர்வலர் குழுக்களின் மாலை நேரக் கூட்டங்களில் சின்னச் சின்ன அமர்வுகள் எடுத்தேன். ஸ்க்ரம் கேதரிங் மாநாடுகளில் கோச்சஸ் கிளினிக் என்று ஒன்று நடக்கும். அனுபவசாலிகள் மேஜை போட்டு உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும் பேசுவார்கள். அங்கே போய் வாய்ப்புக் கேட்காமல், என் அணியில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சிக்கலைக் கொண்டுபோய் வைத்தேன். நம்முடைய சிந்தனை எப்படிப் போகிறது என்று ஒருவர் தெரிந்துகொள்ள பத்து நிமிடப் பேச்சே போதும், அதைவிட நல்ல அறிமுகக் கடிதம் கிடையாது.

கடிதம் எழுதும் நேரம் வந்தபோது சுருக்கமாக எழுதினேன். 'அடுத்த மாதம் உங்கள் ஆன்லைன் வகுப்பு இருப்பதைப் பார்த்தேன். சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும் பிரேக்அவுட் அறைகள், கடிகாரம், சாட்டில் வருகிற கேள்விகள், எல்லாரும் சேர்ந்து எழுதும் மிரோ ஆன்லைன் பலகை எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பேச வாய்ப்பு எதுவும் இப்போது வேண்டாம். நான் ஓர் அமர்வு நடத்திய காணொளியை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் பார்க்க நேரமில்லை என்றால் நடுவில் வரும் விவாதத்தை மட்டும் பாருங்கள்.' முதல் வகுப்பு இப்படித்தான் கிடைத்தது. பேச வேண்டாம் என்று எழுதியவனுக்கு, இரண்டாம் நாள் மதியம் ரெட்ராஸ்பெக்டிவ் பகுதியை, அதாவது அணி தன் வேலை முறையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தைப் பற்றிய பகுதியை, அவரே கொடுத்தார்.

கொடுப்பதற்கு முந்தைய இரவு ஒரு சின்ன ஒப்பந்தம் பேசினோம். மற்ற எதை விட்டாலும் இந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் பேசும்போது அவர் குறுக்கே வரலாமா? வந்தால் எப்படி? "நான் கேமராவை ஆன் பண்ணினா நேரம் முடியப் போகுதுன்னு அர்த்தம். மைக்கை ஆன் பண்ணினா வகுப்பு என்கிட்ட வந்துடுச்சு, நீங்க விட்டுடணும்" என்றார். அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டதால் பயமே இல்லை. ஸ்டியரிங்கை நம் கையில் கொடுத்துவிட்டு, பிரேக்கைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் ஓட்டுநர் ஆசிரியரைப் போல இருந்தார். அவருடைய ஸ்லைடுகளை நான் வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். பாடப்பொருள் அவரவர் சொத்து, பல ஆண்டு உழைப்பு. பிற்பாடு விண்ணப்பத்தில் வைக்க நமக்கென்று சொந்தமாக ஒன்று தேவைப்படும் என்பதால், முதல் வகுப்பிலிருந்தே என்னுடையதைத் தனியாக வரைய ஆரம்பித்தேன்.

அவர் செய்த இன்னொரு காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கவனித்துக் குறிப்பு எடுப்பதற்கு முன்னால், அவரைக் கவனித்து நான் குறிப்பு எடுக்க வேண்டும் என்றார். கருத்து எதுவும் வேண்டாம், நேரமும் நடந்ததும் மட்டும். அவர் டெய்லி ஸ்க்ரம் என்ற, அணியின் தினசரிச் சிறு கூட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் கைடின் 2020 நவம்பர் பதிப்பு கைவிட்டுவிட்டது என்பது பலருக்கும் புதுச் செய்தி, வகுப்பு சூடாகிற இடம் அது. என் தாளில் இப்படி இருந்தது: '10:42 – கேள்வி கேட்டார். 10:42 – அவரே பதில் சொன்னார். 10:44 – கேள்வி கேட்டார். அமைதி. 10:45 – ஒரு பெண் பேசினார். அதற்குப் பிறகு நான்கு பேர்.' மாலையில் தாளைப் படமெடுத்து அனுப்பியபோது அந்த இரண்டு 10:42-ஐயும் வட்டமிட்டுக் காட்டினார். "இத்தனை வருஷமா இது போகலை பாருங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பற்றி எழுதிய தாளைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமே வரவில்லை. ஒருவரோடு வகுப்பெடுப்பதில் கற்றுக்கொள்கிற விஷயத்தில் பாதிக்கு மேல் இந்த மாலை நேரப் பேச்சில்தான் இருக்கிறது. இதற்கு நேரம் ஒதுக்க மாட்டேன் என்கிறவரிடம் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் போவதில் லாபமில்லை.

அப்படி ஒருவரிடமும் போனேன். பங்கேற்பாளர் பட்டியல், ஸ்டிக்கி நோட், மார்க்கர், சாப்பாட்டு நேரம் எல்லாம் என் பொறுப்பு. பேசும் பகுதி மட்டும் அடுத்த வகுப்பில், அடுத்த வகுப்பில் என்று தள்ளிக்கொண்டே போனது. சண்டை எதுவும் போடவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பணம் கேட்பவர்களும் உண்டு. என் கருத்து இது: தன் நேரத்தை ஒதுக்கி நமக்குப் பயிற்சி தருவதற்குக் கட்டணம் கேட்டால் தப்பில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கு விலை சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

இரண்டாவதாக எனக்கு அமைந்தவர் முதலாமவருக்கு நேர் எதிர். ஸ்லைடே கிடையாது. ஃப்ளிப் சார்ட், தடித்த பேனா, சுவர் முழுக்கக் காகிதம். தொடக்க ஒரு மணி நேரத்தை யாரிடமும் தரமாட்டார்: "இவங்க என்னை நம்பணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற நேரம் அது." ஆனால் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். நான் திணறினாலும் கடைசி வரிசையில் காகிதம் மடித்துக்கொண்டிருப்பார்.

இவரிடம்தான் எனக்கு நல்ல சோதனை வந்தது. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே மதிப்பிடுவது பற்றிய பகுதி. முதலாமவர் ஸ்டோரி பாயிண்ட்டுக்கும் (வேலையின் அளவுக்கு அணி தரும் எண்) பிளானிங் போக்கருக்கும் (அந்த எண்ணைச் சீட்டு காட்டி முடிவு செய்யும் முறை) ஒரு மணி நேரம் ஒதுக்குவார்; வருகிறவர்கள் நாளைக்கே அலுவலகத்தில் அதைத்தான் செய்யப் போகிறார்கள், தெரியாமல் அனுப்பக் கூடாது என்பது அவர் வாதம். இவரோ, ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயிண்ட் என்ற வார்த்தையே இல்லை என்று காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஸ்க்ரம் எது, அதைச் சுற்றி வளர்ந்த பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மிச்சத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள் என்பார். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள், இரண்டு வகுப்பிலிருந்தும் ஜனங்கள் திருப்தியாகவே போனார்கள். இவர் வகுப்பில் ஒருவர், "அப்போ எங்க மேனேஜர் வெலாசிட்டி கேட்கிறாரே, என்ன சொல்றது?" என்று என்னைக் கேட்டார். ஒரு சுற்றில் அணி எத்தனை பாயிண்ட் வேலை முடிக்கிறது என்ற எண்தான் வெலாசிட்டி. முதலாமவரின் பதிலும் இவருடைய பதிலும் எனக்குத் தெரியும். என்னுடையது எது என்று அங்கேயே நின்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "உங்க மேனேஜருக்கு அந்த எண் எதுக்குத் தேவைப்படுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டேன். அங்கிருந்து கிளம்பிய பேச்சு இடைவேளை வரை ஓடியது. இன்றைக்கும் அந்தப் பகுதியை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

ஒரே மாதிரி நடத்துகிற பலரிடம் போய் வந்தால் பட்டியல் நிரம்பும், ஆனால் கடைசியில் நாம் அவர்களின் நகலாகத்தான் நிற்போம். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களாகப் பார்த்துத் தேடுங்கள். பெரிய நிறுவனங்களுக்குள் மட்டும் எடுப்பவர் ஒருவர், பொது வகுப்பு எடுப்பவர் ஒருவர், முடிந்தால் வேறொரு மொழியிலோ வேறொரு நாட்டிலோ எடுப்பவர் ஒருவர். ஆன்லைன் வகுப்புகள் இருப்பதால் இது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே முடித்துக்கொள்ளாதீர்கள். முப்பது பேர் இருக்கும் அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நிற்பது வேறு கலை.

அப்புறம் பரிந்துரை. இதை வகுப்பெல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்பவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் முதல் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்: "பரிந்துரை எழுதணும்னா நீங்க என்னிடம் எதைப் பார்க்கணும்?" முதலாமவர், "சில வகுப்புக்கு அப்புறம் கேளுங்க, இல்லைன்னும் சொல்லுவேன்" என்றார். சொன்னபடியே கேட்டேன், சொன்னபடியே இல்லை என்றார். காரணமும் சொன்னார். "நீங்க நடத்தினது எல்லாம் என் வகுப்பு. வரிசை என்னுது, நேரம் என்னுது, ஜனங்களும் என்னை நம்பி வந்தவங்க. உங்க வகுப்பை நான் இன்னும் பார்க்கவே இல்லையே."

சான்றிதழ் இல்லாத ஸ்க்ரம் அறிமுக வகுப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் எடுத்துக்கொண்டும் இருந்தேன். அடுத்ததற்கு அவரை அழைத்தேன். கேமராவை அணைத்துவிட்டு, பங்கேற்பாளர் பட்டியலில் வெறும் பெயராக அரை நாள் உட்கார்ந்திருந்தார். அவர் கேமராவும் எரியவில்லை, மைக்கும் எரியவில்லை. முடிந்ததும் வழக்கமான தாள் வந்தது, கூடவே கடிதம் எழுதுவதாக ஒரு வரி.

அந்தக் கடிதத்தில் என் குறை ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார்: விவாதம் நன்றாகப் போகும்போது இவருக்கு அதை வெட்ட மனம் வராது, கடைசிப் பகுதிக்கு நேரம் இடிக்கும் என்று. படித்ததும் கொஞ்சம் திக்கென்று இருந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அதிகம் கேட்டார்கள். எந்த இடத்தில் வெட்டுவேன், எதைத் தியாகம் செய்வேன், கடைசிப் பகுதியை ஏன் பாதியாகக் குறைத்தேன் என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நேரம் முடிகிறது என்று அவர்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது.