அங்கவை, சங்கவை, நடுவில் அப்பா

பெரியம்மா சரித்திர நாவல் எழுதத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நேரம் எந்தப் பக்கத்திலிருந்து அம்பு வரும் என்று சொல்ல முடிவதில்லை. நேற்று அப்பா களப்பலியானார்.

பாரி மகளிர்தான் கதை. அங்கவையும் சங்கவையும் திருக்கோவலூர் மன்னன் தெய்வீகனிடம் ஒரே நேரத்தில் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். ஔவையார் இருவரையும் அவனுக்கே மணம் முடித்துவைத்தார் என்று பழங்கதை சுருக்கமாக முடித்துக்கொள்கிறது. பெரியம்மாவுக்கு அது போதவில்லை. அவனை முதலில் பார்த்தது யார், அவன் முதலில் பார்த்தது யாரை என்பதற்கே ஒரு நோட்டு தீர்ந்துவிட்டது. மூத்தவள் அங்கவை பொறுமையின் சிகரம். இளையவள் சங்கவை ஒட்டுக்கேட்பவள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்ட அம்மாவின் கத்தி அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா, சங்க காலத்தில் தங்கைகள் எல்லாம் இப்படித்தான் இருந்தார்களா?"

"கதைதானேடி" என்றாள் பெரியம்மா, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.

அடுத்தது நீலச் சிற்றாடை. மழையில் நனைந்து வந்த ஔவைக்குப் பாரி மகளிர் அதைக் கொடுத்தார்கள். தன்னைப் பிரிய மனமில்லாமல் பாரி பறித்த பறியும், சேரமான் வாராய் என அழைத்த வாய்மையும் அந்தச் சிற்றாடைக்குத்தான் நேர் என்று அவர் பாடியும் வைத்தார். பெரியம்மாவின் கதையிலோ சிற்றாடை அங்கவையுடையது. சங்கவை அதைக் கேட்காமல் எடுத்து உடுத்திக்கொண்டு மன்னன் வரும் வழியில் நிற்கிறாள்.

"அந்தத் தாவணி என்னுடையது!" என்றாள் அம்மா.

சிற்றாடை எப்போது தாவணியானது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா முதலில் பெண் பார்க்க வந்தது பெரியம்மாவைத்தான். ஜாதகம் பொருந்தவில்லை, காப்பித் தட்டு நீலத் தாவணி கட்டியிருந்த அம்மாவின் கைக்கு மாறிவிட்டது.

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார். ஆனால் தினசரியை மடித்து வைத்துவிட்டு அறிஞராகிவிட்டார். "சங்கப் பாடல்களில் பாரி மகளிர் என்றுதான் இருக்கிறது, அங்கவை சங்கவை என்ற பெயரெல்லாம் பிற்காலத்துக் கதை. பாரி இறந்த பின் இவர்களை மணந்துகொள்ள விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்கள் மறுத்த பிறகு, பாரியின் நண்பர் கபிலர் என்ன செய்தார்? திருக்கோவலூர் வீரட்டானத்தில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாரியின் அடைக்கலப் பெண்ணை அவ்வூர் அரசன் மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று. பெண்ணை! ஒருமை! ஒருத்திதான்."

ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த ஒருத்தி, மாப்பிள்ளை?" என்றாள் பெரியம்மா.

அம்மாவும் கத்தியோடு திரும்பினாள். கல்வெட்டில் பெயர் இல்லை என்று அப்பா முணுமுணுத்தார். எனக்குத் தெரிந்து தொல்லியல் இவ்வளவு நடுங்கிய குரலில் பேசியதே இல்லை.

அம்மா வேறு பக்கம் பாய்ந்தாள். "எல்லாவற்றுக்கும் அந்தப் பாரியைச் சொல்ல வேண்டும். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தாராம், முந்நூறு ஊரையும் பரிசிலர்க்கே கொடுத்தாராம். பெற்ற பெண்கள் ஊர் ஊராக நடந்தார்கள்."

"நம் அப்பாவைச் சொல்கிறாயா?"

"இரண்டு பேரையும்தான்."

தாத்தா யார் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டைத் தொலைத்தவர். பெரியம்மா நோட்டை மூடினாள். 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எந்தையும் உடையேம்' என்று தொடங்கினாள். தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாடல், தாத்தா திண்ணையில் உட்காரவைத்து மனப்பாடம் செய்வித்தது. அம்மா நடுவில் சேர்ந்துகொண்டாள். 'யாம் எந்தையும் இலமே' என்ற இடத்தில் இருவருக்கும் குரல் வரவில்லை. அப்பா தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இளையவளை ஒட்டுக்கேட்க வைக்கவில்லை, போ" என்றாள் பெரியம்மா. "தெய்வீகனைப் போருக்கு அனுப்பிவிடுகிறேன்."

"திரும்பி வருவானா?" என்றார் அப்பா.

"அதை அக்காவும் நானும் பேசி முடிவு செய்கிறோம்" என்றாள் அம்மா.