ஒத்த வேஷம்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

மாலை ஆராதனையில் குருவானவர், பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்ற வசனம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. எங்கள் பக்கத்தில் வேஷம் என்றால் குலசேகரன்பட்டினம் தசராதான் நினைவுக்கு வரும். காளியாகவும் குரங்காகவும் வேஷம் கட்டி வருகிறவர்களைத் திண்ணையிலிருந்து பார்த்த எனக்கு, பவுல் அவர்களைத்தான் சொல்கிறார் என்று வெகுநாள் எண்ணம். தசரா முடிந்தால் அவர்கள் வேஷத்தைக் களைந்துவிடுவார்கள் என்பது இன்று எங்கள் சபைக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

மார்ச் 9, ஞாயிறு

மகளுக்கு வரன் பார்க்க, சபை சார்ந்த திருமணத் தகவல் மையத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். பெயர், வயது, படிப்பு, சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்). ஞானஸ்நானம் பெற்ற நாள், திடப்படுத்தல் பெற்ற நாள். "இரட்சிக்கப்பட்டவரா?" என்று ஒரு கட்டம். அதற்கு நேர் கீழே "உட்பிரிவு", அதாவது சாதி.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. மனைவி எட்டிப் பார்த்தாள். "அதை எழுதாமல் விட்டால் எந்த வீட்டிலிருந்து வருவார்கள்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? எங்கள் திருமணத்துக்கு என் அப்பா இதே கட்டத்தை நிரப்பித்தான் கொடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

வாரம் முழுவதும் பழைய சபைச் சரித்திரத்தைப் புரட்டினேன். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அக்காலத்தில் தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வார்கள். ஒரே அப்பத்தையும் பாத்திரத்தையும் பகிரும் நற்கருணைக்கு வருவதிலும் முன், பின் என்ற வரிசை உண்டு. அறிக்கை வாசிக்கப்பட்டதும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவுக்காகச் சொந்த பந்தத்தைத் துறந்து வந்தவர்களின் பிள்ளைகள், சாதிக்காகக் கிறிஸ்துவின் பந்தியைத் துறந்தார்கள்.

மிகவும் வலித்தது கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் பெயரைச் சாதி வழக்கத்தை விடாதவர்களின் அணியில் பார்த்தபோது. அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்தவன் நான். சாதி வழக்கத்தைச் சபையிலிருந்து அகற்றப் புறப்பட்ட மிஷனரிகளை எதிர்த்து அவர் எழுதினார். அந்தப் பாடல்களை இனியும் பாடுவேன், கண்ணீர் வராமல் பாட முடியுமா என்று தெரியவில்லை.

ஊரின் கொடுமை தாங்காமல் வெளியேறிய விசுவாசிகளுக்காக 1799-இல் நம் மாவட்டத்துப் பக்கம் எழுந்தது முதலூர். பிறகு எத்தனையோ கிறிஸ்தவ ஊர்கள். உலக வழக்கை விட்டு வேறுபிரிந்து வந்தவர்கள் கட்டிய ஊர்கள் அவை. அந்த வேறுபிரிதல் உயிரைப் பணயம் வைத்த ஒன்று. நாங்கள் அதைச் சினிமா பார்க்காதே, நகை போடாதே என்று சுருக்கிக்கொண்டோம். அவற்றையும் நான் இழிவாக எண்ணவில்லை. என் பாட்டி தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டவர். ஆனால் காதில் இருந்தது போயிற்று, இரத்தத்தில் இருந்ததாக நாங்கள் நம்பியது போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சேகரக் கமிட்டித் தேர்தலைப் பற்றிக் கோயில் வாசலிலேயே பேச்சு. எந்தக் குடும்பங்களுக்கு எத்தனை ஓட்டு என்று ஒருவர் விரல்விட்டு எண்ணினார். பின்னால் ஆராதனை மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

படிவத்தின் அந்தக் கட்டத்தைப் பற்றி மகளிடம் கேட்டேன். "அப்பா, 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றாக முடிந்தது. இந்தக் கட்டத்தை மட்டும் ஏன் விட முடியவில்லை?" என்றாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரவு நற்கருணை. முழங்கால் படியில் என் வலப்பக்கம் எங்கள் சபைக் கொத்தனார். அப்பத்துக்காக அவர் நீட்டிய உள்ளங்கையில், வெடித்த ரேகைகளுக்குள் சிமெண்ட் வெளுப்பு இருந்தது. தேய்த்துக் கழுவியும் போகாத வெளுப்பு. அவர் அப்பாவும் என் அப்பாவும் இதே படியில்தான் முழங்கால் போட்டார்கள். நாற்பது வருடமாக ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். அவர் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அவர் என் வீட்டுச் சுவரைப் பூசியிருக்கிறார், பந்தியில் உட்கார்ந்ததில்லை. பாத்திரம் அவரிடமிருந்து என்னிடம் வந்தபோது என் கை நடுங்கியது. எங்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவர் ஜெபிக்கவில்லை, தீமையினின்று காக்கும்படி ஜெபித்தார். அது சிலுவைக்கு முந்தைய இந்த இரவில் செய்த ஜெபம்.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தை எடுத்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன், ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். மனைவி வாங்கி விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்தாள்.

"ஈஸ்டர் முடிந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றாள்.