இரண்டு வயர், ஒரு பிறேக்கர்

யாழ்ப்பாணத்தில் வலையமைப்பு வேலைக்கு வந்த புதிதில், கணினிகளையும் தொலைபேசிகளையும் கேபிள் வழியே இணைக்கும் சுவிச் ஒன்றில், ஒன்று போனாலும் மற்றது தாங்க இரண்டு பவர் சப்ளைகளைப் பொருத்திவிட்டால் மின்சாரம் பற்றிய என் பொறுப்பு முடிந்தது என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தவர், நகரை அண்டிய ஓர் அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்த வயதான மின்னிணைப்பாளர் ஒருவர்.

கேபிள் செருகும் 48 போர்ட்டுகள் கொண்ட இரண்டு சுவிச்சுகளைப் பொருத்தி, கையளிக்க முன்னர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சோதித்துக்கொண்டிருந்தோம். இடப்பக்க வயரைக் கழற்றினேன், சுவிச் ஓடியது. அதைத் திரும்பச் செருகிவிட்டு வலப்பக்க வயரைக் கழற்றினேன்; அப்போதும் ஓடியது. திருப்தியோடு படிவத்தில் கையொப்பமிடப் போனபோது அவர் தடுத்தார். "வயரைக் கழட்டிப் பாத்தது காணாது, தம்பி. பிறேக்கரை விழுத்திப் பாருங்கோ." யூபிஎஸ்ஸிலிருந்து வெளியேறும் மின்சாரத்துக்கான சிறு பெட்டியைத் திறந்து ஒரு பிறேக்கரை அவரே கீழே தட்டினார். சுவிச்சுகளை அடுக்கியிருந்த ரேக்கின் விசிறிச் சத்தம் ஒரே மூச்சில் நின்றது. ரேக்கின் இரு பக்கமும் அழகாகப் பிரிந்து இறங்கிய வயர்கள், சுவருக்குப் பின்னால் ஒரே பிறேக்கரில் போய்ச் சேர்ந்திருந்தன.

தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தேடிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்தது ஒரேயொரு யூபிஎஸ் என்பதால், ஒரு பவர் சப்ளையை அதிலும் மற்றதை ஜெனரேட்டர் தாங்கும் வேறொரு சுற்றிலும் இணைத்து, அந்தச் சுற்றுக்கு மின்னல் பாதுகாப்பும் வைத்தோம். இரண்டு வயரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுவதுதான் பாதுகாப்பு என்று பலர் வாதிடுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. என் அனுபவத்தில், வெளி மின்சாரம் இருக்கும் வேளையிலேயே யூபிஎஸ் பழுதாகி எல்லாவற்றையும் அணைத்த நாட்கள் உண்டு.

இன்னொரு பிழை கணக்கில் நடந்தது, அது முழுக்க என்னுடையது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசையின் 48 போர்ட் சுவிச் ஒன்றில் 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால், தொலைபேசிகளுக்கும் வைஃபை கருவிகளுக்கும் கேபிள் வழியே கொடுக்க 437 வாட் கிடைக்கும். இரண்டு இருந்தால் 1152 வாட். சுவிச் காட்டிய பெரிய எண்ணை நம்பி, 7 வாட் ஒதுக்கப்படும் தொலைபேசிகள் இருபதையும் 30 வாட் ஒதுக்கப்படும் வைஃபை கருவிகள் பன்னிரண்டையும் இணைத்தேன். மொத்தம் 500 வாட். இரண்டு சப்ளைகளும் ஓடிய மாதங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்று பழுதான அன்று, சுவிச் அணையாமல் நின்றாலும், 437 வாட்டுக்குள் அடங்காத கருவிகள் அணைந்தன. எந்தப் போர்ட் முக்கியமானது என்று நான் குறித்து வைக்காததால், முன்வாசல் தொலைபேசி போய், யாரும் இல்லாத கூட்ட அறையின் வைஃபை உயிரோடு இருந்தது. இரண்டாவது சப்ளையை மேலதிக மின்சாரமாக எண்ணிச் செலவழித்த கணமே அது காப்பாக இருப்பதை நிறுத்திவிட்டிருந்தது. அந்த இடத்தில் பின்னர் 1100 வாட் சப்ளைகள் இரண்டு போட்டோம். அவற்றில் ஒன்று மட்டுமே 822 வாட் கொடுக்கும் என்பதால் 500 வாட் நிம்மதியாக அடங்கியது. கருவி உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதைவிட, தனக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படலாம் என்பதைக் காட்டும் எந்த வகுப்பை அது அறிவிக்கிறதோ அதற்கு ஒதுக்கப்படும் அளவைத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் ஒழுங்காகக் கற்றேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது ஜெனரேட்டர்களின் குணமும் தெரிந்தது. ஓரிடத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கவே யூபிஎஸ் விடாமல் கத்தி, பற்றறியைக் குடித்து முடித்தது. குளிரூட்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஜெனரேட்டரின் அலைவெண் 50 ஹேர்ட்ஸை விட்டு ஆடியதால், ஒன்லைன் யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்திருந்தது. யூபிஎஸ் ஏற்கும் எல்லையைச் சற்று அகலப்படுத்தி, ஜெனரேட்டரின் வேகக் கட்டுப்பாட்டையும் திருத்திய பிறகு அடங்கியது. டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் எந்த மாடியின் சுவிச்சுகள் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவெடுத்து, மேல்மாடிச் சுவிச்சுகளை நாங்களாகவே அணைத்து வைத்தோம்.

இப்போது கையளிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்க வயருக்குச் சிவப்பும் மறுபக்கத்துக்கு நீலமும் ஒட்டி, ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டே பிறேக்கர்வரை நடக்கிறேன். பிறேக்கர் இலக்கங்களை எழுதி ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிறேன். சென்ற மாதம் அப்படி நடந்தபோது, சுவிச்சுகள் எல்லாம் சரியாக இருக்க, இணையச் சேவையின் ஃபைபர் பெட்டிக்கான சின்ன 12 வோல்ட் அடப்டரைத் தேடிப் போனேன். அது வரவேற்பு மேசைக்குக் கீழே, தேநீர்க் கேத்தலோடு ஒரே மல்ரிபிளக்கில் இருந்தது. அதை ரேக்குக்குள் கொண்டுவந்து யூபிஎஸ்ஸில் செருகப் பதினைந்து நிமிடங்கூட ஆகவில்லை.