பத்து லிட்டர் பீர், ஒரே பானை: வீட்டில் காய்ச்சும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் பீர் காய்ச்ச எவ்வளவு பெரிய அமைப்பு வாங்கலாம் என்பதைப் பானையின் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடுப்பு எவ்வளவு நீரைத் தாங்கும், நொதிக்கும் பாத்திரத்தை 20 டிகிரிக்குப் பக்கத்தில் எங்கே வைக்க முடியும் என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கும். (இருக்கும் ஊரில் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.)

2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பில் 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து கொதிக்க ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். 20 லிட்டர் பீருக்கு 27 லிட்டராவது ஏற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் போனாலும் நன்றாகத் தளதளக்காது. அதனால் சின்னச் சமையலறைக்கு 10 லிட்டர்தான் சரி. அதற்கு 20 லிட்டர் எவர்சில்வர் பானை ஒன்றும், அதன் வாய்விளிம்பில் மடித்துவிடும் அளவுக்குப் பெரிய மெல்லிய பாலியெஸ்டர் வலைப்பை ஒன்றும் போதும். தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கத் தனி மாஷ் பாத்திரமோ பம்போ தேவையில்லை.

எல்லாம் ஒன்றாக அமைந்த மின்சார இயந்திரம் வசதிதான். வாங்குமுன் அதன் குறைந்தபட்சத் தானிய அளவைப் பாருங்கள். பெரும்பாலானவை 20 லிட்டருக்கு மேல் காய்ச்சவே வடிவமைக்கப்பட்டவை. அதில் இரண்டு கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போட்டால் கூடைக்குக் கீழே தேங்கும் நீர் தானியத்தோடு சரியாகக் கலக்காது, சர்க்கரை முழுதாக இறங்காது.

ஒரு எளிய பேல் ஏலுக்கு (வெளிர் நிறப் பீர் வகை) கணக்கு இப்படி. பேல் மால்ட் 2.3 கிலோ, நீர் 15 லிட்டர். ஊறிய தானியம் கிலோவுக்கு முக்கால் லிட்டர் அளவில் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரக் கொதியில் இரண்டரை லிட்டர் ஆவியாகும், அடிவண்டலில் ஒரு லிட்டர் போகும். மீதி 10 லிட்டர். உங்கள் பானையில் எவ்வளவு ஆவியாகிறது என்பதை முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்ளுங்கள். வாய் அகன்ற பானையில் கூடுதலாகவே போகும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கலந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பீரில் மருந்துக்கடை வாடை வரும், பிறகு அதை எடுக்க வழியில்லை.

தானியம் 28 டிகிரியில் இருந்தால், நீர் 69.5 டிகிரி ஆனதும் பானையில் விரித்த பைக்குள் மால்ட்டைச் சிறுகச் சிறுகக் கொட்டிக் கிளற 67-இல் வந்து நிற்கும். உருண்டை கட்டினால் நடுவில் இருப்பது மாவாகவே தங்கிவிடும்; கரண்டியால் நசுக்கி உடைக்க வேண்டும். மூடி, அடுப்பை அணைத்து, கம்பளி சுற்றி 60 நிமிடம் விடுங்கள். நடுவில் சூடேற்றியே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு கம்பித்தட்டு கட்டாயம். பை நேரடியாக அடியைத் தொட்டால் கருகும். வெப்பமானியை முன்கூட்டியே பொடித்த ஐஸ் கலந்த நீரில் நுழைத்துச் சோதித்துவிடுங்கள், சுழியம் காட்ட வேண்டும். மூன்று டிகிரி கூட்டினாலும் குறைத்தாலும் பீரின் கனமே மாறிவிடும்: சூடு கூடினால் தித்திப்பு தங்கும், குறைந்தால் மெலிந்து வறண்டு போகும்.

பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டுக் கொதிக்க விடுங்கள். நன்றாகப் பிழியலாம், கசப்பு ஏறும் என்ற பயம் வேண்டாம். நுரை பொங்கும் முதல் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ள ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) என்றால் கொதி தொடங்கியதும் 10 கிராம், கடைசி ஐந்து நிமிடத்தில் மணத்துக்கு 15 கிராம். கசப்பு 30 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வாக்கில் வரும். பானையை மூடக் கூடாது. வேகவைத்த சோளம் போல மணக்கும் கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியேற வேண்டும்.

கொதி நின்ற பிறகு தொடும் எல்லாமே கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் அழுக்கைக் கழுவி, அதன் பிறகுதான் ஸ்டார் சான் என்ற கிருமிநாசினிக் கரைசல், லிட்டருக்கு 1.5 மில்லி. ஒட்டியிருக்கும் பிசுக்கின் அடியில் அது வேலை செய்யாது. பானையை ஐஸ் நீர்த் தொட்டியில் இறக்கி, தொட்டி நீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் வேகமாக ஆறும்.

ஆறியதை 15 லிட்டர் நொதிகலனில் ஊற்றும்போது உயரத்திலிருந்து விட்டு நுரைக்கச் செய்யுங்கள். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவைப்படும் ஒரே கட்டம் இதுதான். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.045-க்கு அருகில் காட்ட வேண்டும். அளந்த பிறகு ஈஸ்ட்டைச் சேருங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை நொதிப்பின் வெப்பநிலையைப் பிடித்துவைக்கச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஈஸ்ட் தன் வேலையில் தானே சூட்டைக் கிளப்பும். அறை 24 என்றால் உள்ளே 27, 28 இருக்கும். முதல் மூன்று நாளில் சூடு மீறினால் பெயின்ட் தின்னர் நெடியும், தொண்டையில் எரியும் கனத்த ஆல்கஹாலும் நிற்கும். பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று, அதன் மின்சாரத்தைத் தானே நிறுத்திப் போடும் கன்ட்ரோலர் ஒன்று, இவை பளபளக்கும் எந்தப் பானையை விடவும் பயன் தரும். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் கலனின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். 19 டிகிரியில் யுஎஸ்-05 என்ற ஈஸ்ட் சுத்தமாக நொதிக்கும். குளிர்விக்க வழியே இல்லையென்றால் வாஸ் க்வெய்க் ஈஸ்ட் எடுங்கள். அது 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும்.

ஏர்லாக்கில் (கலனிலிருந்து வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பான்) குமிழி நின்றதை நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி வராது. இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்ட வேண்டும், 1.010 வாக்கில். சர்க்கரை மீந்திருக்கும்போது அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். ஆல்கஹால் உருவான பின், ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கூட்டிக் காட்டும் என்பதால் இங்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலியான வேறொரு கலனில் முதலில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக அலம்பாமல் இறக்குங்கள். இப்போது காற்று கலந்தால் சில வாரங்களில் ஈர அட்டை வாடை வந்துவிடும். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டில்களாகவே இருக்கட்டும். மூடி அழுத்தி, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, 20 முதல் 25 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். திறக்கும்போது கேஸ் ஏறவில்லையென்றால் பாட்டில்களைத் தலைகீழாக ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, சற்றே வெதுவெதுப்பான இடத்தில் இன்னும் ஒரு வாரம் வையுங்கள்.